பாற்பல் சொல்லும் செய்தி

நுழையும்முன்

மழலையின் முதற்பல்லைக் கொண்டாடும் மரபு நம்முடையது. அதே பல்லில் கறை தோன்றும்போது, விழப்போகும் பல்தானே என்று கடந்துவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. கறை எதனால் தோன்றுகிறது? அதற்கு வீட்டின் பழக்கம் காரணமா, உண்ட மருந்து காரணமா, பருகும் நீர் காரணமா? அறிவியலும் வரலாறும் தரும் விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முழுநிலா இரவுகளில் திருவண்ணாமலை உறங்குவதில்லை. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதை முழுவதும் மக்கள் நடந்துகொண்டே இருப்பர். தோளில் துயிலும் மழலையைச் சுமந்தபடி நடக்கும் பெற்றோரையும் அக்கூட்டத்தில் காணலாம். சில குழந்தைகளின் வாயில் பால்புட்டி இருக்கும். சில குழந்தைகளின் கையில் பஞ்சுமிட்டாய் இருக்கும். நடை நீளும்போது அழுகையை அமர்த்த இனிப்பே எளிதில் கைகொடுக்கிறது.

அக்குழந்தைகளுள் ஒன்று வாய்விட்டுச் சிரிக்கும்போது, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஓரம் கரைந்திருப்பதைக் காண நேரலாம். “பல்லைப் பார்த்தீர்களா, அத்தை?” என்று இளந்தாய் கவலையுற்றால், “பாற்பல்தானே அம்மா, விழுந்து முளைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று மாமியார் ஆறுதல் கூறுவார்.

அந்த ஆறுதலில் அன்பு முழுமையாக உண்டு; உண்மை பாதிதான் உண்டு. பாற்பல் விழும் என்பது மெய்யே. ஆயினும், விழும்வரை அது ஆற்றும் பணியையும், அதன் அடியில் அதே காலத்தில் நிகழும் மற்றொரு பணியையும் அவ்வாறுதல் கணக்கில் கொள்ளவில்லை.

ஈறுக்குள் நிகழும் பணி

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கீழ்த்தாடையின் முன்பற்கள் முளைக்கின்றன. சில பகுதிகளில் அந்நாளில் பல் கொழுக்கட்டை செய்து மகிழ்வர். ஆனால், அப்பல்லின் வரலாறு அன்று தொடங்குவதன்று. தாய் கருவுற்ற நான்காம் மாத அளவிலேயே பாற்பற்களில் தாதுப்பொருள்கள் படியத் தொடங்கிவிடுகின்றன. பிறக்கும் குழந்தையின் ஈறுக்குள் 20 பாற்பற்களும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. இரண்டரை முதல் மூன்று வயதிற்குள் அவை அனைத்தும் வெளிவந்துவிடுகின்றன.

இக்காலத்தில் மற்றொரு வேலையும் நடைபெறுகிறது. நிலைத்த பற்களுள் முதற் கடைவாய்ப்பல், குழந்தை பிறக்கும் காலத்திலேயே உருப்பெறத் தொடங்குகிறது. நிலைத்த முன்பற்கள் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி, நான்கு அல்லது ஐந்து வயதிற்குள் தம் மேற்பூச்சைப் பெற்றுவிடுகின்றன. இரண்டு வயதுக் குழந்தை சிரிக்கும்போது நமக்குத் தெரிவது ஒரு வரிசை. ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருப்பது மற்றொரு வரிசை. ஒரே தாடையில் இரண்டு தலைமுறைப் பற்கள் ஒருங்கே வாழ்கின்றன.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், மனித உடலின் மிகக் கடினமான பொருளாகும். அதன் எடையில் 96 விழுக்காடு தாதுப்பொருளே. எனாமலை உருவாக்கும் செல்கள், பல் முளைக்கும்போது மறைந்துவிடுகின்றன. எனவே, முறிந்த எலும்பு கூடுவதுபோல, சிதைந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அது உருவாகும் காலத்தில் உடலுக்கு நேர்ந்தவை, கோயிற்சுவரில் பொறித்த கல்வெட்டைப்போல அதில் நிலைத்துவிடுகின்றன. பிற்காலத்தில் பல்லைத் தேய்ப்பதால் மட்டும் அவ்வெழுத்தை அழிக்க இயலாது.

பாற்பல்லின் பணிகள்

மெல்லுதலே பல்லின் பணி எனப் பலரும் எண்ணுவர். பாற்பல்லுக்கு வேறு இரு பணிகளும் உண்டு. ஒன்று, இடம்காத்தல். தனக்குப் பின் வரவேண்டிய நிலைத்த பல்லுக்குரிய இடத்தைப் பாற்பல் காத்து நிற்கிறது. சொத்தையால் அதனை உரிய காலத்திற்கு முன்பே இழந்தால், அருகிலுள்ள பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாய்கின்றன. பின்னர் முளைக்கும் பல், இடமின்றிக் கோணலாக வெளிவருகிறது.

மற்றொன்று, சொல்லுக்குத் துணைநிற்றல். தொல்காப்பியரின் பிறப்பியல், எழுத்தொலிகள் வாயில் எவ்விடத்தில் பிறக்கின்றன என்பதை ஆராய்கிறது. நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல்லும் கீழுதடும் இயைய வகரம் பிறக்கிறது. தாத்தா, நாய், வா முதலிய சொற்களை மழலை பழகும் வயதில் மேல்வரிசை முன்பற்கள் இல்லாது போனால், இவ்வொலிகள் தெளிவாகப் பிறப்பது கடினமாகிறது. தாய்மொழியின் முதற்பாடத்தைக் கற்கும் கருவிகளுள் பல்லும் ஒன்று.

ஆறு வயதளவில் பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதுவே முதலாவது நிலைத்த கடைவாய்ப்பல். அதனையும் பாற்பல் என்று கருதிக் கவனியாதுவிடும் பெற்றோர் பலர். வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய பல், இவ்வாறு பத்து வயதிற்குள்ளேயே சொத்தையாகிவிடுவதுண்டு.

நிறங்கள் உணர்த்துவன

பல்லின் நிறமாற்றம் எல்லாம் நோய் அன்று. எல்லாம் ஒரே காரணத்தால் விளைவதும் அன்று. நிறத்தையும், அது தோன்றும் இடத்தையும், தோன்றிய காலத்தையும் நோக்கிக் காரணத்தை அறியலாம்.

ஏழு வயதுக் குழந்தையின் புதிய முன்பற்கள், பாற்பற்களைவிடச் சற்று மஞ்சளாகத் தோன்றும். இஃது இயல்பே. நிலைத்த பல்லின் உட்பகுதி தடித்தும் மஞ்சள் சாயல் கொண்டும் இருப்பதே இதற்குக் காரணம். குருதிச்சோகைக்காகக் கொடுக்கப்படும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து, பல்லின் மேற்பரப்பில் கருமையான படிவை உண்டாக்கும். இப்படிவைப் பல் மருத்துவர் எளிதில் நீக்கிவிடுவார். இதற்கு அஞ்சி மருந்தை நிறுத்துவது தவறாகும். குருதிச்சோகை, பற்கறையினும் பெருங்கேடு விளைவிப்பது.

நடைபழகும் குழந்தை விழுந்து எழுவது இயற்கை. விழுந்து சில வாரங்களுக்குப் பின் ஒற்றை முன்பல் மட்டும் சாம்பல் நிறம் அடைந்தால், அப்பல்லின் உள்ளிருக்கும் குருதிக்குழாய்களும் நரம்பும் காயமுற்றிருக்கலாம். அங்குச் சீழ் பிடித்தால், அடியில் வளரும் நிலைத்த பல்லுக்கும் தீங்கு நேரக்கூடும்.

பிறந்த காலத்தில் கடுமையான மஞ்சட்காமாலையுற்ற குழந்தைகள் சிலருக்குப் பாற்பற்கள் பசுமை கலந்த நிறத்தில் முளைப்பதுண்டு. டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாய் கருவுற்ற பிற்பாதிக் காலத்திலோ, குழந்தை எட்டு வயதிற்குள்ளோ உட்கொண்டால், பற்களில் மஞ்சள் அல்லது பழுப்புப் பட்டைகள் நிலைத்துவிடலாம். வளரும் பல்லிலுள்ள கால்சியத்தோடு அம்மருந்து பிணைந்துகொள்வதே காரணம். மருத்துவரின் சீட்டின்றி மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, ஒரு குழந்தையின் சிரிப்பில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடக்கூடும்.

இவை தவிர, இரு காரணங்கள் தனித்து ஆராயத்தக்கவை. ஒன்று வீட்டினுள் தோன்றுவது. மற்றொன்று நிலத்தின் அடியிலிருந்து வருவது.

இரவுப் புட்டி

நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலின் தாதுப்பொருளைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தை நடுநிலையாக்கி, இழந்த தாதுவை மீண்டும் சேர்க்கிறது. பகலில் இப்போராட்டத்தில் உமிழ்நீர் பெரும்பாலும் வெல்கிறது. உறக்கத்திலோ உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. அப்போது பால்புட்டி வாயில் இருந்தால், இனிப்பு கலந்த பால் மேல்வரிசைப் பற்களைச் சூழ்ந்து நெடுநேரம் தேங்குகிறது. கீழ்வரிசைப் பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. மேல் முன்பற்கள் கரைந்தும் கீழ் முன்பற்கள் நலமாகவும் இருந்தால், அஃது இரவுப் புட்டியின் விளைவு எனப் பெரும்பாலும் உணரலாம். சர்க்கரையிலோ தேனிலோ தோய்த்த சூப்பானும் இத்தகைய கேட்டையே செய்யும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது வேறொரு வகையிலும் தீங்கானது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரிகளின் வித்துகள், உயிருக்கு ஊறு விளைக்கும் நச்சுநோயை அவ்வயதில் உண்டாக்கக்கூடும்.

சொத்தை, கரிய குழியாகத் தொடங்குவதில்லை. ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்பால் கோடிட்டதுபோன்ற வெண்மை முதலில் தோன்றும். அந்நிலையில் இரவுப் புட்டியை நிறுத்தி, பல்லைத் தூய்மை செய்து, பல் மருத்துவரிடம் ஃபுளூரைடு மேற்பூச்சு இடப்பெற்றால், கேடு அங்கேயே நின்றுவிடும். வெண்கோடு மஞ்சளாகி, பழுப்பாகிக் குழியானபின் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. மேலுதட்டை மெல்ல உயர்த்தி மாதம் ஒருமுறை பார்த்தல் எந்தச் செலவும் இல்லாத மருத்துவச் சோதனை ஆகும்.

பாறையும் நீரும்

வீட்டில் எத்துணைக் கவனம் செலுத்தினும் தடுக்கவியலாத கறையும் ஒன்று உண்டு. அது நிலைத்த பற்களில் வெண்திட்டுகளாகவும் கோடுகளாகவும் தோன்றி, மிகுதியானால் பழுப்பேறிக் குழிவிழச் செய்யும். பல் ஃபுளூரைடு நோய் என்பது அதன் பெயர்.

திருவண்ணாமலையும் அதன் மேற்கே தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களும் மிகப் பழைய கடினப்பாறை நிலத்தில் அமைந்தவை. இத்தகைய பாறைகளிலுள்ள அபடைட்டு, பயோடைட்டு, ஃபுளோரைட்டு முதலிய கனிமங்களில் ஃபுளூரின் கலந்துள்ளது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. மழை குறைந்து, ஆழ்துளைக் கிணறுகள் மேன்மேலும் ஆழமாகும்போது, பாறையோடு நெடுநாள் உறவாடிய நீரே மேலே வருகிறது. அந்நீர் தெளிவாக இருக்கும். அதன் நிறத்தாலோ மணத்தாலோ ஃபுளூரைடை அறிய முடியாது. ஆய்வுக்கூடச் சோதனையே அதனைக் காட்டும்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர்வழி இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. இவ்வெல்லையைக் கடந்த நிலத்தடிநீர் தருமபுரி, கிருட்டினகிரி, சேலம் ஆகிய மாவட்டங்களிலும், திருவண்ணாமலை மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காணப்படுகிறது. மிகுந்த அளவில் பல்லாண்டுகள் பருகினால் எலும்பும் மூட்டுகளும் இறுகி, குனியவும் நிமிரவும் இயலாத நிலை ஏற்படும்.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், ஃபுளூரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சியதில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நல்லெண்ணத்தோடு நெடுநேரம் கொதிக்கவைத்த நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும் தாய், தான் அறியாமலேயே குழந்தைக்கு ஃபுளூரைடை மிகுதியாக ஊட்டிவிடுகிறாள். தாய்ப்பாலின் சிறப்பு இங்கே புலனாகிறது. தாய் பருகும் நீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்தாலும், தாய்ப்பாலில் அது மிகச் சிறிதளவே கலக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுதல், வளரும் பல்லுக்கும் காப்பாகும்.

ஒரு கறையின் வரலாறு

இக்கறைக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிய முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1901ஆம் ஆண்டு, ஃபிரெடெரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர், அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். அங்குப் பிறந்து வளர்ந்த பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டு வியந்தார். மருத்துவ நூல்களில் அதற்கு விளக்கம் இல்லை. புகழ்பெற்ற பல் மருத்துவ அறிஞர் ஜி.வி. பிளாக் 1909ஆம் ஆண்டு அந்நகருக்கு வந்து அவருடன் இணைந்து ஆராய்ந்தார். பற்கள் உருவாகும் பருவத்தில் அவ்வூரில் வாழ்ந்தோருக்கே கறை உண்டு என்பதும், கறையுற்ற பற்கள் சொத்தையை எதிர்த்து நிற்கின்றன என்பதும் புலனாயின.

1923ஆம் ஆண்டு, ஐடகோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூருக்கு மெக்கே அழைக்கப்பட்டார். தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவந்த பின்னரே, தம் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றுவதாக அவ்வூர்ப் பெற்றோர் கூறினர். நீரை ஆய்ந்தபோது அதில் குற்றம் ஏதும் தென்படவில்லை. எனினும், அந்நீரைக் கைவிட்டு அருகிலுள்ள வேறோர் ஊற்று நீரைப் பயன்படுத்துமாறு மெக்கே அறிவுறுத்தினார். சில ஆண்டுகளில் அவ்வூரின் இளைய குழந்தைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. காரணம் இன்னதெனத் தெரியாத நிலையிலும், பெற்றோர் சொல்லுக்குச் செவிசாய்த்ததால் ஓர் ஊரின் சிரிப்பு மீண்டது.

1931ஆம் ஆண்டு, அலுமினிய நிறுவனம் ஒன்றின் தலைமை வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில், கறைபடிந்த பற்கள் மிகுந்த பாக்சைட்டு என்னும் ஊரின் நீரை நுட்பமான கருவியால் ஆராய்ந்து, அதில் மிகுந்த ஃபுளூரைடு இருப்பதைக் கண்டறிந்தார். கொலராடோ நீரிலும் அதுவே காணப்பட்டது. புதிர் விடுபட்டது.

அதற்குப் பின் ஆறே ஆண்டுகளில், இச்செய்தி நம் மாநிலத்தின் முந்தைய வடிவமாகிய சென்னை மாகாணத்திலும் எதிரொலித்தது. 1937ஆம் ஆண்டு, அன்றைய மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளூரைடு நோய் பரவியிருப்பதை ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோயைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளுள் அது தலையாயது.

நீர்வழி மாறியபின்

காரணம் தெரிந்த பின்னும் தீர்வு எளிதாகக் கிட்டவில்லை. ஃபுளூரைடு மிகுந்த ஊரில் ஒரு குடும்பம் தனியே முயன்று நீரை மாற்றிக்கொள்ள இயலாது. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளூரைடைப் படியச்செய்யும் எளிய முறையை உருவாக்கியது. இக்கேட்டால் மிகவும் துன்புற்ற ஊரின் பெயரால் அது நல்கொண்டா முறை எனப்படுகிறது.

தமிழ்நாட்டில் மேற்கொள்ளப்பட்ட பெருமுயற்சி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம். தருமபுரி, கிருட்டினகிரி மாவட்ட மக்களுக்கு நிலத்தடிநீருக்கு மாற்றாகக் காவிரி நீரை வழங்குவது அதன் நோக்கம். சப்பான் நாட்டின் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் மதிப்பில் அமைந்த அத்திட்டத்திற்கு 2008ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்றது. 2013ஆம் ஆண்டு அது பயன்பாட்டிற்கு வந்தது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஒரு நோயின் பெயர் இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது.

இத்தகைய திட்டத்தின் பயன், அண்ணனின் பல்லில் தெரியாது. தம்பியின் பல்லில்தான் தெரியும். எனாமல் உருவாகி முடிந்தபின் வந்த நல்ல நீர், முன்பே பதிந்த கறையை நீக்குவதில்லை. எனாமல் உருவாகும் பருவத்தில் நல்ல நீரையே பருகும் குழந்தைக்கு அக்கறை தோன்றுவதில்லை. குழாய் வந்தபின்னும், சமையலுக்கும் குடிப்பதற்கும் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்தினால் திட்டத்தின் பயன் குறைந்துபோகும். திருவண்ணாமலை நகரம், தென்பெண்ணையின் குறுக்கே அமைந்த சாத்தனூர் அணை நீரைக் குடிநீராகப் பெறுகிறது. அத்தகைய ஆற்றுநீர் கிடைக்காத சிற்றூர்களில் மழைநீர் ஒரு வரமாகும். வானிலிருந்து விழும் நீர் பாறையைத் தீண்டாதது. அதில் ஃபுளூரைடு மிகக் குறைவு.

கறையுற்ற பற்களையுடைய பிள்ளைகள், பல் துலக்காதவர்கள் எனப் பழிக்கப்படுகின்றனர். வாயைக் கையால் மூடிச் சிரிக்கவும், நிழற்படத்திற்கு உதடு பிரியாமல் நிற்கவும் பழகிவிடுகின்றனர். உண்மையில், அவர்கள் செய்த பிழை ஏதுமில்லை. தாகத்திற்குத் தம் ஊர் நீரைப் பருகினர், அவ்வளவே. இவ்வுண்மையை உடன்பயிலும் மாணவர் அறிந்தாலே அவர்தம் துன்பத்தில் ஒரு பாதி குறையும்.

அளவறிதல்

ஃபுளூரைடு தீங்கானது எனின், பற்பசையில் அது ஏன் சேர்க்கப்படுகிறது? இவ்வினாவிற்கு விடை அளவில் இருக்கிறது. சிறிதளவு ஃபுளூரைடு எனாமலை அமிலத்திற்கு எதிராக உறுதிப்படுத்துகிறது. கறையுற்ற பற்களில் சொத்தை குறைவு என்று மெக்கே கண்டதன் காரணமும் இதுவே. 1945ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் அளவறிந்து ஃபுளூரைடு சேர்த்த முதல் நகரமாயிற்று. அங்குப் பிறந்த குழந்தைகளிடையே சொத்தை பாதிக்கும் கீழே குறைந்தது. அங்கே நீரில் சேர்க்கவேண்டியிருந்தது, தருமபுரியிலோ நீக்கவேண்டியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று காண்பது அரிது.

எனவே, மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு பட்டாணியளவும் பற்பசை போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோலத் தூரிகை முழுவதும் இடுதல் கூடாது. சிறு குழந்தைகள் அதனை விழுங்கிவிடுவர். நீரில் ஃபுளூரைடு மிகுந்த ஊரில் வாழ்வோர், எத்தகைய பற்பசை ஏற்றது என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

காக்கும் வழிகள்

பல் முளைப்பதற்கு முன்பே, பால் ஊட்டியபின் ஈறுகளைத் தூய ஈரத்துணியால் துடைக்கலாம். முதற்பல் தோன்றியதும் மென்மையான சிறு தூரிகையால் காலையும் இரவும் துலக்குதல் வேண்டும். இரவில் துலக்கியபின் நீரன்றி வேறெதுவும் கொடுத்தலாகாது. ஏழு அல்லது எட்டு வயது வரை பெரியவர் துணையின்றிக் குழந்தை செம்மையாகத் துலக்க இயலாது. கறையைப் போக்கும் எண்ணத்தில் கரித்தூள், செங்கற்பொடி, உப்பு முதலியவற்றால் தேய்த்தால் எனாமல்தான் தேயும். தாயின் வாயிலுள்ள சொத்தைக் கிருமிகள் ஒரே கரண்டியால் உண்பதன் வழியாகக் குழந்தைக்குப் பரவுகின்றன. ஆகவே, கருவுற்ற காலத்தில் தாய் தன் பற்களைக் கவனிப்பதும் குழந்தைக்குச் செய்யும் தொண்டாகும்.

முதற்பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரைக் காண்பது நலம். 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவரை ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கின்றனர். பற்சொத்தையும் அச்சோதனையில் அடங்கும். அந்நாளில் குழந்தையை அங்கன்வாடிக்குத் தவறாது அனுப்புதல் பெற்றோர் கடமை.

முழுநிலா இரவில் கேட்ட அந்த ஆறுதல்மொழியை இப்போது திருத்திச் சொல்லலாம். பாற்பல் விழும், ஆனால், அது இருக்கும் காலத்தில்தான் அடுத்த பல் உருவாகிறது. அதில் தோன்றும் கறை ஒரு செய்தி. புட்டியை நிறுத்துக என்றோ, மருத்துவரைக் காண்க என்றோ அச்செய்தி வீட்டிற்குச் சொல்கிறது. நிலைத்த பல்லில் தோன்றும் கறை, நீரைச் சோதித்திடுக என்று ஊருக்குச் சொல்கிறது. ஓக்லி ஊரின் பெற்றோர் அதனைக் கேட்டனர். பின்பிறந்த பிள்ளைகள் பயன் பெற்றனர். நம் வீட்டு மழலை அடுத்தமுறை சிரிக்கும்போது, மகிழ்வதோடு சற்று உற்றும் நோக்குவோம்.

தெரிந்து தெளிவோம்

கொதிக்கவைத்தல், துணியால் வடிகட்டுதல், மண்பானையில் ஊற்றிவைத்தல் ஆகிய முறைகளால் நீரிலுள்ள ஃபுளூரைடு நீங்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறை, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படியச்செய்யும் முறை ஆகியவற்றால் அதனைக் குறைக்கலாம். மழைநீரைத் தூய்மையாகச் சேமித்துப் பயன்படுத்துவதும் சிறந்த வழியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டறிந்து, அதன் ஃபுளூரைடு அளவைக் குறிக்கும் ஆய்வறிக்கையைப் பெறுமாறு ஊராட்சி மன்றத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.

2. ‘பாற்பல் விழத்தானே போகிறது’ என்னும் கருத்தை மறுத்து, உங்கள் பாட்டியிடம் பேசுவதுபோல ஓர் உரையாடல் அமைக்க.

3. த, ந, வ ஆகிய எழுத்துகளை ஒலித்துப் பார்த்து, பல்லின் பங்கினை வகுப்பறையில் விளக்குக.

4. குழந்தைகளின் பல் நலம் பற்றி அங்கன்வாடி மையத்தில் வைப்பதற்கேற்ற சுவரொட்டி ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.